மாயாபுரியில் ஒரு பட்டையின் பூர்வீகம்

பழைய லாரி ஒன்றின் பம்பரில் பாதிப் பளபளப்புதான் மிஞ்சியிருந்தது. மீதிப் பாதியைத் தேடி கர்னாலிலிருந்து தில்லிக்கு ஒரு பயணம்.

தில்லியிலிருந்து வடக்கே ஜி.டி. சாலையில் சுமார் 125 கி.மீ. போனால் கர்னால். ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், ஒரு தாபாவின் பின்புறத்தில், தகரக் கூரையின் கீழ் அந்த லாரி நிற்கிறது. பராத்தா சாப்பிட்டவர்கள் கை கழுவும் தொட்டி அதற்குப் பத்தடி தூரத்தில். கை கழுவியவர்களில் பாதிப் பேர் ஈரக் கையோடு வந்து லாரியை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். நீண்ட மூக்கு, உருண்டையான முன் மட்கார்டுகள், இரண்டாகப் பிரிந்த கண்ணாடி. பானெட்டின் பக்கவாட்டில் ஃபார்கோ என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகள் இருக்க வேண்டும். நான்குதான் இருக்கின்றன. நடுவில் 'ஜி' இல்லை.

உரிமையாளர் அறுபதை நெருங்கும் சர்தார்ஜி. "என் பெயர் எதற்கு, லாரியின் பெயரைப் போடுங்கள்" என்கிறார். அவருடைய தாத்தா 1947இல் ராவல்பிண்டியிலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். சில வருடங்கள் யார் யாருடைய லாரியையோ ஓட்டிவிட்டு, 1955இல் சொந்தமாக வாங்கிய முதல் லாரி இது. பிறகு குடும்பத்தில் எட்டு லாரிகள் வந்தன, போயின. இதை மட்டும் விற்கவில்லை. நான் போனது ஜி.டி. சாலை தாபாக்களைப் பற்றி எழுதுவதற்காக. இரண்டாவது டம்ளர் டீயின்போது சர்தார்ஜி என்னை லாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றோடு தாபாக் கட்டுரை போயிற்று.

அவர் காட்டியது முன் பம்பர். கறுப்பு வண்ணம் அடித்த கனத்த இரும்பு. அதன் வலது பாதியில் மட்டும் மூன்றடி இரண்டங்குல நீளத்துக்கு ஒரு வெள்ளிப் பட்டை ஓடுகிறது. அகலம் ஒன்றரை அங்குலம். வெளிப்புற முனை ஈட்டி போலக் கூர்ந்திருக்கிறது. இடது பாதியில் பட்டை இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு துளைகளும் துருவின் ஒரு நீளக் கோடும் மட்டுமே. "இது கம்பெனி ஃபிட்டிங். எல்லா லாரிக்கும் கிடையாது. தாத்தா ஸ்பெஷலாகக் கேட்டு வாங்கினார்" என்று தன் குடும்பத்தில் சொல்லி வந்ததைச் சொன்னார் சர்தார்ஜி. இன்னொரு பாதியை நான்கு வருடமாகத் தேடுகிறார். ஃபார்கோவுக்கு உரியது என்று வந்த எதுவும் பொருந்தவில்லை. பெட்ஃபோர்டு, செவர்லே லாரிப் பட்டைகளையும் வைத்துப் பார்த்துவிட்டார்.

ஃபார்கோ என்பதே கொஞ்சம் ஏமாற்றும் பெயர். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் ஏறக்குறைய ஒரே லாரியை டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ என்று மூன்று பெயர்களில் விற்றது. பெயர்ப் பலகை மாறும், முகப்பில் சில கோடுகள் மாறும், சாசி ஒன்றுதான். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக விற்பனையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் விற்க லாரி வேண்டுமே! இந்தியாவில் வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லா தொழிற்சாலையில் இந்த மூன்று பெயர் லாரிகளையும் உருவாக்கியது. கார்களிலும் இதே கதைதான். டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் சவாய், டிசோட்டோ டிப்ளமாட் ஆகியவை உடம்பால் ஒன்று, பெயரால் மூன்று. அதே குர்லாவிலிருந்துதான் ஃபியட் வந்தது, பின்னாளில் பத்மினியும் வந்தது. 1954இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் கைகோத்து டாடா-பென்ஸ் லாரிகளை இறக்கிய பிறகு நெடுஞ்சாலைகளின் முகமே மாறிவிட்டது. ஃபார்கோவைத் தெரிந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

சர்தார்ஜி பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருப்பது லாரியோடு வந்த பெட்ரோல் என்ஜின் அல்ல. 1960களில் அதைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் பி6 டீசல் என்ஜினைப் பொருத்தியிருக்கிறார்கள். பக்கவாட்டுத் தகட்டில் சிம்சன், மதராஸ் என்ற எழுத்துகள். அண்ணா சாலை வழியாகப் போகும்போதெல்லாம் நான் பார்த்த அதே சிம்சன். "உடம்பு பம்பாய், இதயம் உங்கள் ஊர், ஓட்டியவர் ராவல்பிண்டி" என்றார் சர்தார்ஜி. மறுநாள் அவர் மாயாபுரிக்குப் போவதாக இருந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாயாபுரி மேற்கு தில்லியில் இருக்கிறது. பெயர் புராணத்திலிருந்து வந்திருந்தாலும் செய்வது இரும்பு வேலை. வட இந்தியாவில் ஓடி ஓய்ந்த வண்டிகளில் கணிசமானவை உயிர் விடும் இடம் இது. மெட்ரோ ரயிலில் போய் இறங்கி நடந்தால், முதலில் மூக்குக்குத்தான் தெரியும்: டீசல், கருகிய ரப்பர், காஸ் வெட்டும்போது எழும் இரும்பின் நெடி. பிறகு காதுக்கு. சந்து முழுக்க சம்மட்டி ஓசை. மழை பெய்யாத நவம்பரிலும் தரை ஈரமாக, கறுப்பாக இருக்கிறது. அது எண்ணெய். கியர் பெட்டிகள் ஒரு வீட்டு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. கதவுகள் ஒரு கடை, ஸ்டியரிங் சக்கரங்கள் ஒரு கடை. ஹெட்லைட் மட்டுமே விற்கும் கடையில் நூற்றுக்கணக்கான கண்கள் நம்மையே பார்க்கின்றன.

வந்து சேர்வது என்னவென்று தெரியாமல் உடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தச் சந்துகள் நன்றாக அறியும். 2010 பிப்ரவரியில் தில்லிப் பல்கலைக்கழகம் பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த கதிரியக்கக் கருவி ஒன்றை ஏலம் விட்டது. அது இங்கே பழைய இரும்பாக வந்து சேர்ந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் பிரித்தார்கள். பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அதன் பிறகு தெரியாத உலோகத்தைக் கண்டால் கொஞ்ச காலம் எல்லாரும் தள்ளி நின்றார்களாம். கொஞ்ச காலம்தான்.

சர்தார்ஜி என்னை அழைத்துப்போன கடையில் பெயர்ப்பலகை இல்லை. எழுபது வயது தாண்டிய கடைக்காரரை எல்லாரும் உஸ்தாத் என்கிறார்கள். பட்டையை வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பின்பக்கத்தைத் துடைத்தார்.

"முன்பக்கம் எல்லாமே பளபளக்கும், பாபுஜி. பின்பக்கம் பொய் சொல்லாது" என்றார். இரும்பின் மேல் க்ரோமிய முலாம் பூசியது என்றால் பின்பக்கம் துருவேறியிருக்கும். பித்தளை என்றால் பச்சைக் களிம்பு. துத்தநாக வார்ப்பு என்றால் முலாம் கொப்புளித்து அம்மைத் தழும்பு போல ஆகியிருக்கும், வளைத்தால் பிஸ்கட் மாதிரி உடையும். அலுமினியம் எடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பட்டையின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. எவர்சில்வர்!

சர்தார்ஜி ஒப்புக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தார். பட்டென்று ஒட்டிக்கொண்டது. "எவர்சில்வரில் காந்தம் ஒட்டுமா?" உஸ்தாத் சிரித்தார். வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருப்பதால் காந்தம் ஒட்டுவதில்லை. வண்டிகளுக்கான அலங்காரப் பட்டைகளில் நிக்கல் இல்லாமல் க்ரோமியம் மட்டும் கலந்த ரகத்தை நிறையப் பயன்படுத்தினார்கள். அதில் ஒட்டும். காந்தத்தை நம்பி நல்ல பட்டைகளைத் தகர விலைக்கு எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும் என்றார்.

அடுத்து பட்டையின் இரு ஓரங்களையும் விரலால் தடவிக் காட்டினார். இரண்டும் உள்பக்கமாக மடிந்து ஒரு வாய்க்கால் போல ஓடுகின்றன. அந்த வாய்க்காலுக்குள் சின்னச் சின்ன கிளிப்புகளைச் செருகி, அவற்றின் கால்களை மறுபுறம் நட்டுப் போட்டு இறுக்குவதுதான் தொழிற்சாலை முறை. முன்னாலிருந்து பார்த்தால் ஆணி, திருகு எதுவும் தெரியாது. ஆனால் இந்தப் பட்டையின் முகத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன. விளிம்பில் பிசிறு, கைத் துரப்பணத்தின் வேலை. சர்தார்ஜி பத்திரமாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பழைய திருகை வாங்கி, மரை அளக்கும் சீப்பை அதன்மேல் வைத்தார். அங்குலத்துக்கு 20 மரை, விட்வொர்த். அக்காலத்தில் நம் ஊர் இரும்புக் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்த இங்கிலீஷ் மரை. அமெரிக்க வண்டியின் அதே கால் அங்குலத் திருகு நுண்மரையாக இருந்தால் 28 இருக்கும்.

"கம்பெனிக்காரன் பட்டையின் முகத்தில் துளை போட மாட்டான், சர்தார்ஜி. வீட்டுக்காரன்தான் போடுவான்."

சர்தார்ஜி எதுவும் சொல்லவில்லை. உஸ்தாத் பட்டையின் உட்புறத்தில் அச்சாகியிருந்த எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். ஏழு இலக்கம். கடைசி இரண்டைத் துளை தின்றுவிட்டது. பட்டையைத் தரையில் வைத்தார். அது முழு நேர்க்கோடாக இல்லாமல் மெல்லக் குவிந்திருந்தது. பிறகு பரணில் ஏறி, ஒரு பையனின் உதவியோடு, துருப்பிடித்த முன் மட்கார்டு ஒன்றை இறக்கினார். லாரியுடையது அல்ல, காருடையது. அதன் விலாவில் வரிசையாகச் சின்னத் துளைகள். பட்டையை அதன்மேல் வைத்தார். குவிவோடு குவிவு ஒட்டிக்கொண்டது. துளைகள் சரியாக வாய்க்காலுக்கு நேரே நின்றன.

பட்டை லாரிக்கு உரியதே அல்ல. குர்லாவில் அந்த லாரியோடு கூடப் பிறந்த காரின் விலாவில் ஓடியது. கிங்ஸ்வேயா, சவாயா, டிப்ளமாட்டா என்று சத்தியம் செய்ய உஸ்தாத் தயாராக இல்லை. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், மட்கார்டைப் பார்த்து யாரென்று சொல்ல முடியாது என்கிறார்.

எம்.ஏ. படித்த காலத்தில் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். எது மூலம், எது பின்னால் யாரோ சேர்த்த இடைச்செருகல் என்று கண்டுபிடிப்பது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றிய வயது. இடைச்செருகல் என்று தெரிந்த மறு நிமிடம் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவோம். சேர்த்தவர் யார், ஏன் சேர்த்தார் என்று நாங்கள் கேட்டதாக நினைவில்லை. உஸ்தாத் கடை வாசலில் முகம் தொங்கி நின்ற சர்தார்ஜியைப் பார்த்தபோது அந்த வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது. நான்கு வருடத் தேடல் போனதல்ல அவர் கவலை. தாத்தா ஸ்பெஷலாகக் கேட்டு வாங்கினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது பொய்யாகிவிட்டது.

டீக்கடையிலிருந்து தில்லி நண்பருக்கு போன் செய்தார். அந்த நண்பர் பழைய கார்களைச் செப்பனிட்டு ஊர்வலங்களில் ஓட்டுபவர். அவருக்கு ஒரே சந்தோஷம். "நான் அப்போதே சொன்னேனே, கழற்றி எறி. பம்பரின் துளைகளை அடைத்து வண்ணம் அடி. விண்டேஜ் பதிவுக்கு ஒரிஜினலாக இருக்க வேண்டும்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அந்தப் பதிவு விவகாரத்தை அன்றிரவு நான் எடுத்துப் படித்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு அரசாங்க அறிவிக்கைகள் படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் எண் தருவார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது. சாசி, உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் செய்த மாற்றங்கள் கணக்கில் வரும். பம்பர் பட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. சென்னை என்ஜின்தான் இடிக்கும் என்று நினைத்துக்கொண்டே மேலே படித்தால், அந்த விதிகள் சொல்வது இருசக்கர வாகனங்களையும் பயணிகள் காரையும் மட்டுமே. லாரி அந்த வரையறைக்குள்ளேயே வரவில்லை. மகாராஜாவின் கார் பாரம்பரியம். கோதுமை மூட்டை சுமந்த லாரி பழைய இரும்பு. மறுநாள் காலை சர்தார்ஜியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் யாருக்காக ஒரிஜினல்?" என்று கேட்டார். நேராக மாயாபுரிக்கு ஆட்டோ பிடித்தார்.

உஸ்தாத் கடையின் உள்ளே கரும்புக் கட்டுகளைப் போலப் பட்டைகள் கட்டித் தொங்குகின்றன. இரண்டு மணி நேரம் தேடியதில் ஒன்று அகப்பட்டது. அதே அகலம், அதே ஈட்டி முனை, முகத்தில் துளை இல்லை. நடுவில் மட்டும் ஒரு நசுங்கல். நான்காயிரத்தில் தொடங்கிய பேரம் இரண்டாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. பணம் கைமாறிய பிறகுதான் உஸ்தாத் சொன்னார், இதுவும் வலது பக்கத்துப் பட்டை என்று.

செருப்பு ஜோடியில் இரண்டும் வலது கால் ஆனால் எப்படி, அப்படித்தான். இடது பாதியில் வைத்தால் ஈட்டி முனை உள்ளே பார்க்கும். தலைகீழாகத் திருப்பினால் முனை வெளியே வந்துவிடும். ஆனால் பட்டையின் நீளத்துக்கு ஓடும் வரம்பு நட்டநடுவில் இல்லை, மேல் ஓரத்துக்குக் கொஞ்சம் நெருங்கி ஓடுகிறது. தலைகீழாக்கினால் வரம்பு கீழே இறங்கிவிடும். இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் கோட்டோடு கோடு சேராது, கால் அங்குலம் தப்பும். "தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது" என்றார் உஸ்தாத். பக்கத்தில் வந்து பார்ப்பவர்களுக்காகத்தானே இத்தனை பாடு!

கர்னாலில் நசுங்கலை எடுத்தவர் ஒரு டிங்கர். பையனாக இருந்தபோது இதே லாரியின் மட்கார்டைத் தட்டியவர். எவர்சில்வரில் வேலை செய்வதற்குப் பொறுமை வேண்டும். அடிக்க அடிக்க அது கடினமாகிக்கொண்டே போகும். ஒரு முறை சட்டென்று மடிந்த இடம் திரும்ப நேராகாது. மணல் நிரப்பிய தோல் பையின் மேல் பட்டையைக் கவிழ்த்து, மரத் துண்டை இடையில் வைத்து, நகம் தட்டுவது போலத் தட்டினார். முழுதாக ஒரு மதியம். பிறகு உப்புத்தாள், 320இல் தொடங்கி 600 வரை. கடைசியில் துணிச் சக்கரத்தில் பச்சை மெழுகு. முலாம் தேவையில்லை என்பது எவர்சில்வரில் ஒரு நிம்மதி. இரும்பாக இருந்தால் தாமிரம், நிக்கல், க்ரோமியம் என்று தொட்டி தொட்டியாக முக்க வேண்டும். க்ரோமியத் தொட்டியின் ஆவியில் இருப்பது புற்றுநோய் தரும் ரகம். நம் ஊர்ச் சின்னப் பட்டறைகளில் அதன்முன் நிற்பவர் முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தால் பெரிது.

காரின் விலாவுக்கான குவிவைப் பம்பருக்கு ஏற்பத் தளர்த்தியாயிற்று. தகட்டில் வெட்டிய ஆறு கிளிப்புகள் வாய்க்காலுக்குள் போயின. எவர்சில்வரும் இரும்பும் நேராக உரசினால் ஈரத்தில் இரும்பு அரிக்கும் என்று சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி இடையில் வைத்தார் டிங்கர். பம்பரில் கிளிப்புகளுக்காகப் புதிதாகத் துளையிட்டார். பழைய இரண்டு துளைகளையும் பட்டை மூடிக்கொண்டது. பட்டையின் முகத்திலும் துளை போட்டு இரண்டு திருகு வைத்துவிடலாமா, ஜோடிக்கு ஒன்றுபோல இருக்குமே என்று சர்தார்ஜி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய அம்மா வந்தார். வயது 84. மாலையில் தாபாக் கணக்கைக் கேட்க வருவது வழக்கம்.

பட்டைகளைப் பார்த்துவிட்டு, "சாச்சாஜியின் டாக்ஸி" என்றார்.

எந்த டாக்ஸி என்று கேட்டார் மகன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். தாத்தாவின் தம்பி தில்லியில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய அமெரிக்க வண்டி, டாட்ஜ் என்பார்கள். 1961 ஜனவரியில், அம்மா கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், பானிப்பட்டுக்கு அருகே மூடுபனியில் விளக்கில்லாமல் நின்ற மாட்டுவண்டி மேல் மோதி இறந்துபோனார். நொறுங்கிய காரை எடைக்குப் போடுவதற்கு முன் தாத்தா அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றி வந்தார். இதே முற்றத்தில் உட்கார்ந்து கைத் துரப்பணத்தால் துளை போட்டார். யாரையும் கிட்டே விடவில்லை. பாட்டிக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பிள்ளைகள் கேட்டபோது கம்பெனி ஃபிட்டிங் என்று சொல்லி வைத்தது பாட்டிதான்.

"இடது பக்கத்தது?"

"அது ஏதோ ஒரு சுங்கச் சாவடித் தடுப்பில் இடித்துப் பிய்ந்துபோயிற்று. அப்போது நீ ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தாய். தாத்தா இரண்டு நாள் ரோட்டோரம் தேடினார்."

டிங்கர் கையில் துரப்பணத்தோடு நின்றார். துளை போடவா வேண்டாமா என்று சர்தார்ஜியைப் பார்த்தார். சர்தார்ஜி அம்மாவைப் பார்த்தார்.

"இதற்கு எதற்குத் துளை? இது வேறு யாருடையதோ" என்றார் அம்மா.

அப்படியே விட்டுவிட்டார்கள். வலது பக்கத்தில் முகத்தில் இரண்டு திருகுகளோடு பழைய பட்டை, அதே விட்வொர்த் மரை. இடது பக்கத்தில் தலைகீழாக, திருகில்லாமல் புதியது. நடுவில் வரம்பு கால் அங்குலம் தப்பி நிற்கிறது. நான் கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சர்தார்ஜி பானெட்டின் பக்கவாட்டில் மீதியிருக்கும் எழுத்துகளின் உயரத்தை டேப்பால் அளந்து ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். அடுத்த புதன்கிழமை மாயாபுரிக்குப் போகிறாராம், 'ஜி' தேட.